அக்கா இந்தியர், தம்பி அகதி: முகாம்களில் பிறந்த உடன்பிறப்புகளுக்கு எப்படி இரண்டு சட்டம்?

வாசகர் கடிதம்:

அம்மா, வணக்கம். என் பெற்றோர் 1984-இல் மன்னாரிலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் பதிவு செய்யப்பட்டவர்கள். என் அக்கா 1985-இல் மண்டபத்தில் பிறந்தார். பிறகு எங்கள் குடும்பம் திருச்சி மாவட்டத்து முகாமுக்கு மாற்றப்பட்டது. நான் 1989-இல் அங்கே அரசு மருத்துவமனையில் பிறந்தேன். அக்காவின் கணவர் 1990-இல் சிறுவனாகப் படகில் வந்தவர். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள்: மகள் 2004 ஆகஸ்டில் பிறந்தவள், மகன் 2010-இல் பிறந்தவன். நான் பக்கத்து ஊர்ப் பெண்ணை, இந்தியக் குடிமகளை, மணந்தேன். திருமணம் 2014-இல் பதிவானது. எங்கள் மகன் 2016-இல் பிறந்தான்.

என் தாத்தா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஹட்டன் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் வவுனியாவுக்கு நகர்ந்தது. தாத்தா இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தார் என்று அம்மா சொல்வார்.

அமெரிக்காவில் பிறந்தாலே குடியுரிமை என்று அரசியல் சாசனத்தில் இருக்கிறது, அதை மாற்ற அதிபர் போட்ட ஆணையை நீதிமன்றங்கள் தடுத்தன என்று செய்திகளில் பார்த்தேன். நான் பிறந்தது, படித்தது, வேலை செய்வது எல்லாம் இந்த மண்ணில். எனக்கு அந்த உரிமை ஏன் இல்லை? வழக்குப் போட்டால் கிடைக்குமா? ‘இந்தியா தர்மசத்திரம் இல்லை’ என்று உச்ச நீதிமன்றம் சொன்னதாகக் கேட்டதிலிருந்து தூக்கமில்லை.

(பெயரும் முகாமின் பெயரும் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் ஆறு பேர் இருக்கிறார்கள். ஆறு பேருக்கும் ஒரே பதில் கிடையாது. முகாமில் எல்லாரும் ஒரே பட்டியலில் இருப்பதால் சட்டமும் எல்லாரையும் ஒன்றாகவே பார்க்கும் என்று நினைத்துவிடுகிறோம். அதிகாரிகளும் அப்படித்தான் பார்க்கிறார்கள். ஆனால் குடியுரிமைச் சட்டம் ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்பது பிறந்த தேதியை. அதை வைத்துப் பார்த்தால் உங்கள் அக்கா இன்றைக்கே இந்தியக் குடிமகள். அவருடைய மூத்த மகளும் அப்படியே. உங்கள் நிலையும் உங்கள் மகனின் நிலையும் வாதத்துக்குரியவை. அக்காவின் இளைய மகனுக்குத்தான் சிக்கல் அதிகம், அவகாசம் குறைவு.

முதலில் அமெரிக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வி அங்கிருந்து தொடங்குகிறது. அடிமைமுறை ஒழிந்த பிறகு, கறுப்பினத்தவரின் பிள்ளைகளை எந்த மாகாண அரசும் ‘நீ குடிமகன் அல்ல’ என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக 1868-இல் அங்கே 14-ஆவது திருத்தம் வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் என்பவரின் வழக்கில், 1898-இல், அந்த விதி அவருக்கும் பொருந்தும் என்று அவர்களின் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரி 20 அன்று அதிபர் டிரம்ப், பெற்றோர் இருவரில் எவருக்கும் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாத குழந்தைகளை விலக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். மூன்றாம் நாளே சியாட்டிலில் ஒரு நீதிபதி அதைத் தடுத்தார். வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. அங்கே இவ்வளவு சண்டை நடப்பதற்குக் காரணம், அந்த உரிமை சாசனத்திலேயே இருப்பது. சாசனத்தைத் திருத்துவது அந்த நாட்டில் எளிதல்ல. ஆகவே ஆணை போட்டவர்கள் ‘திருத்தவில்லை, அதன் பொருளைத்தான் சொல்கிறோம்’ என்று வாதாட வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் அப்படி இல்லை. நம் சாசனத்தின் 5-ஆம் பிரிவில் ‘இந்திய மண்ணில் பிறந்தவர்’ என்ற தகுதி இருக்கிறது. ஆனால் அது 1950 ஜனவரி 26 அன்று யார் யார் குடிமக்கள் என்று சொல்வதற்காக எழுதப்பட்டது. அதற்குப் பிறகு பிறப்பவர்களைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரத்தை 11-ஆம் பிரிவு நாடாளுமன்றத்திடம் விட்டுவிட்டது. எனவே உங்கள் பிறப்பைப் பற்றிப் பேசுவது 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு. அது சாதாரணச் சட்டம். சாதாரணப் பெரும்பான்மையில் மாற்றலாம், மாற்றியும் இருக்கிறார்கள்.

தொடக்கத்தில் அந்தப் பிரிவு தாராளமாகவே இருந்தது. இங்கே பிறந்தால் போதும், பெற்றோர் யார் என்ற கேள்வி இல்லை. வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள், எதிரி நாட்டவரின் பிள்ளைகள் என்று மிகச் சில விலக்குகள்தான். பிறப்பு மட்டும் போதும் என்ற இந்த எண்ணத்தை அரசியல் நிர்ணய சபையிலேயே எதிர்த்தவர்கள் உண்டு. விமானத்தில் போகிற ஒரு தம்பதி பம்பாயில் சில மணி நேரம் தங்கும்போது பிரசவம் ஆகிவிட்டால் அந்தக் குழந்தையும் இந்தியரா என்று பி.எஸ். தேஷ்முக் கேட்டார். அமெரிக்காவில் இன்றைக்கும் கிட்டத்தட்ட இதே கேள்விதான் கேட்கப்படுகிறது, விமானம் மட்டும்தான் புதிது. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1947 ஏப்ரலில், வல்லபாய் படேல் அதே சபையில் பதில் சொல்லிவிட்டார். தென்னாப்பிரிக்காவில் பிறந்த இந்தியர்களுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று அங்கே கேட்டுக்கொண்டு, இங்கே குறுகிய பார்வை பார்ப்பது சரியாகாது என்றார். படேலை வேறு பல காரணங்களுக்காக மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்தப் பேச்சை ஏனோ எடுப்பதே இல்லை.

1986-இல் திருத்தம் வந்தது. அதற்கு அரசு சொன்ன காரணங்களில் உங்கள் குடும்பமும் இருக்கிறது. வங்கதேசம், இலங்கை, சில ஆப்பிரிக்க நாடுகள் ஆகியவற்றிலிருந்து ஆட்கள் மறைவாக நுழைகிறார்கள் என்பதுதான் அந்தக் காரணம். 1987 ஜூலை 1-ஆம் தேதி முதல் இங்கே பிறப்பவர் குடியுரிமை பெற, பிறக்கும்போது தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்றானது. 2003 திருத்தம் இன்னும் இறுக்கியது. 2004 டிசம்பர் 3 முதல் பிறப்பவருக்குப் பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாக இருந்து, மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக, அதாவது செல்லுபடியாகும் ஆவணம் இல்லாமல் நாட்டுக்குள் வந்த வெளிநாட்டவராக, இல்லாதிருக்க வேண்டும்.

ஈழத்திலிருந்து முதல் அலை வந்தது 1983 ஜூலைக்குப் பிறகு. கதவு 1987 ஜூலையில் சாத்தப்பட்டது. அந்த நான்கு ஆண்டுக்குள் இந்த முகாம்களில் பிறந்தவர்கள் மட்டும்தான், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியர்கள். உங்கள் அக்கா அவர்களில் ஒருவர். உங்களைச் சட்டம் வெளியே நிறுத்துவது இரண்டு ஆண்டு வித்தியாசத்தில். இதில் நியாயம் என்று எதையும் என்னால் எடுத்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் சட்டம் அதுதான்.

இந்தத் தேதிகளையே எதிர்த்து வழக்குப் போடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். அசாம் தொடர்பான 6ஏ பிரிவு வழக்கில் 2024 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், அந்தப் பிரிவு செல்லும் என்றது. குடியுரிமை விஷயத்தில் நாடாளுமன்றத்துக்கு எவ்வளவு விரிந்த அதிகாரம் இருக்கிறது என்பதை அந்தத் தீர்ப்பு மீண்டும் உறுதிப்படுத்தியது. உங்கள் உழைப்பின் பணத்தை அந்தச் சுவரில் கொண்டுபோய் மோத நான் சொல்லமாட்டேன். சட்டம் திறந்து வைத்திருக்கிற வழிகளே உங்களுக்குப் போதுமான வேலை வைக்கும்.

முதலில் அக்கா. அவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ‘முகாம் ஆட்களுக்கு இந்தப் படிவம்தான்’ என்று எங்காவது ஓர் அலுவலகத்தில் பதிவுவழிக் குடியுரிமைப் படிவத்தை நீட்டுவார்கள். அதில் கையெழுத்திட்டால் ‘நான் வெளிநாட்டவர், எனக்குக் குடியுரிமை தாருங்கள்’ என்று அவரே எழுதிக் கொடுத்ததாக ஆகும். பிறப்பால் வந்த குடியுரிமைக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அவர் கேட்க வேண்டியது பாஸ்போர்ட். அதை மறுத்தால், அந்த மறுப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக வேண்டும்.

இந்தப் பாதையில் ஏற்கெனவே ஒருவர் நடந்திருக்கிறார். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஒரு பெண்மணிக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், 1987 ஜூலைக்கு முன்பு இங்கே பிறந்தவர் என்ற ஒரே காரணம் போதும் என்று, அவருக்குப் பாஸ்போர்ட் வழங்க உத்தரவிட்டார். 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். உங்கள் அக்காவின் வழக்குக்கும் அதற்கும் பிறந்த ஆண்டு தவிர வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

‘அக்கா இத்தனை வருடம் அகதி என்று கையெழுத்துப் போட்டு உதவித்தொகை வாங்கியிருக்கிறாரே, பள்ளிச் சான்றிதழில் இலங்கை என்று இருக்கிறதே’ என்று உங்களுக்குத் தோன்றலாம். அதற்கும் பதில் இருக்கிறது. 1986-இல் இமாசலப் பிரதேசத்தின் காங்க்ராவில் திபெத்தியப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு பெண், தன்னைத் திபெத்தியர் என்று எழுதி அடையாளச் சான்று வாங்கியிருந்தார். அதைக் காட்டி அவருக்குப் பாஸ்போர்ட் மறுத்தார்கள். 2010 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ். முரளிதர் அதை ஏற்கவில்லை. ஒரு படிவத்தில் வேறு நாட்டின் பெயரை எழுதியதால் பிறப்பால் வந்த குடியுரிமை போய்விடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். ஆனால் ஒன்று: சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் அக்காவின் பிறப்பைப் பெற்றோர் எப்போதாவது பதிவு செய்திருந்தால், அல்லது அக்காவே இலங்கைப் பாஸ்போர்ட் எடுத்திருந்தால், அதை வழக்கறிஞரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். குழந்தைக்குப் பெற்றோர் செய்த பதிவு வேறு, வயது வந்த பிறகு தானாக வேறு நாட்டுக் குடியுரிமையை ஏற்றது வேறு. இரண்டாவது நடந்திருந்தால் இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும்.

எல்லாம் ஒரே ஒரு காகிதத்தில் தொங்குகிறது: அக்காவின் 1985 பிறப்புச் சான்றிதழ். அது கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பிறப்பைப் பதிவு செய்யவே இல்லை என்றால், பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் காலம் கடந்த பதிவுக்கு வழி உண்டு. வருவாய்க் கோட்டாட்சியரின் உத்தரவு பெற வேண்டும். துணை ஆதாரமாக மண்டபம் முகாமின் பதிவேட்டு நகல், பிரசவம் பார்த்த மருத்துவமனையின் குறிப்பு, தடுப்பூசி அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ் என்று எது கிடைத்தாலும் சேருங்கள். முகாம் பதிவேட்டில் 1984-இல் பெற்றோர் மட்டும் இருந்து, அடுத்த ஆண்டு ஒரு குழந்தை சேர்க்கப்பட்டிருந்தால், அந்தப் பதிவே பெரிய சாட்சி. ‘அகதி’ என்று உங்களை ஒதுக்கி வைத்த அதே நோட்டுப் புத்தகம் அக்காவை இந்தியர் என்று நிரூபிக்கப்போகிறது. நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் மனைவியின் பெயரில் மனுப் போடுங்கள். அந்தச் சட்டம் குடிமக்களுக்கானது, அவர் கேட்டால் அந்தக் காரணம் சொல்லித் தட்டிக் கழிக்க முடியாது.

அக்காவின் மகள் 2004 ஆகஸ்டில் பிறந்தவள். டிசம்பர் 3-க்கு முந்தைய விதி அவளுக்கு: பெற்றோரில் ஒருவர் குடிமகன் என்றால் போதும். தந்தை எப்படி வந்தார் என்ற கேள்வியே அவள் விஷயத்தில் எழாது. தாயின் குடியுரிமை நிலைநாட்டப்பட்ட அன்றே அவளுடையதும் நிலைநாட்டப்பட்டுவிடும். அவள் அரசுத் தேர்வு எழுத நினைத்தால் அக்காவின் வழக்கைத் தள்ளிப்போடாதீர்கள். வயது வரம்பு காத்திருக்காது.

அவளுடைய தம்பி 2010-இல் பிறந்தவன். அதே தாய், அதே தந்தை, அதே முகாம். ஆனால் 2004 டிசம்பருக்குப் பிறகு. தாய் குடிமகள் என்பது பாதி. தந்தை ‘சட்டவிரோதக் குடியேறி’ அல்ல என்று காட்டுவது மீதிப் பாதி. அவர் 1990-இல் பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்தவர். போரிலிருந்து தப்பி வந்த சிறுவன், அரசே பதிவு செய்து, அரசே வீடும் உதவித்தொகையும் கொடுத்துப் பார்த்துக்கொண்டவர். ஆனாலும் சட்டத்தின் வரையறையில் அகதி என்ற சொல்லே இல்லை. 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகியவற்றிலிருந்து வந்த ஆறு சமயத்தாருக்கு அந்த முத்திரையை நீக்கியது. இலங்கையைச் சேர்க்கவில்லை. ஏன் சேர்க்கவில்லை என்பதற்கு நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட எந்த விளக்கமும் என்னைச் சமாதானப்படுத்தவில்லை.

2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருந்ததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து அது விலக்கு அளிக்கிறது. உங்கள் மைத்துனருக்கு இது நல்ல பாதுகாப்பு. ஆனால் இதையே குடியுரிமை என்று நினைத்துவிடாதீர்கள். குடியுரிமைச் சட்டத்தின் வரையறை மாறவில்லை.

ஆகவே அந்தப் பையனுக்கு நான் சொல்லும் வழி வேறு. குடியுரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு, சிறப்பான சூழ்நிலை இருக்கிறது என்று மத்திய அரசு கருதினால் எந்த ஒரு சிறுவரையும் குடிமகனாகப் பதிவு செய்யலாம் என்கிறது. அந்த உட்பிரிவில் ‘சட்டவிரோதக் குடியேறி அல்லாத’ என்ற நிபந்தனை எழுதப்படவில்லை. தாய் குடிமகள், சொந்தச் சகோதரி குடிமகள், பிறந்ததும் வளர்ந்ததும் இங்கே என்பதைவிடச் சிறப்பான சூழ்நிலை எது? ஆனால் இது 18 வயது நிறையும்வரை மட்டுமே. அதனால்தான் அவகாசம் குறைவு என்றேன். அக்காவின் பாஸ்போர்ட் கைக்கு வந்தவுடன், அடுத்த வாரமே இதைத் தொடங்குங்கள்.

இப்போது உங்களுக்கு வருகிறேன்.

கடிதத்தின் நடுவில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என் கண்ணில் முதலில் பட்டது. தாத்தா இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்தார் என்பது. அது வெறும் குடும்பக் கதையாக இருக்கலாம். உண்மையாக இருந்தால் உங்கள் நிலையே மாறிவிடும்.

1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்ற சில மாதங்களில் அந்த நாடு இயற்றிய குடியுரிமைச் சட்டம், அந்த மண்ணில் பிறந்ததை மட்டும் தகுதியாக ஏற்கவில்லை. தந்தையோ, தந்தைவழித் தாத்தாவும் அவருடைய தந்தையும் சேர்ந்தோ அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும் என்றது. தோட்டத் தொழிலாளிகளிடம் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருந்தது? லட்சக்கணக்கான மலையகத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில், அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் எடுத்துக்கொள்வதாக முடிவானது. மீதி 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதியாகப் பிரித்துக்கொண்டன. அந்த மக்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு உங்கள் தாத்தாவின் குடும்பத்திடம் ‘இங்கே பிறந்தது போதாது, வம்சத்தைக் காட்டு’ என்றார்கள். பேரனான உங்களிடம் இங்கேயும் அதையே சொல்கிறார்கள்.

அந்த ஒப்பந்தத்தின்படி விண்ணப்பித்தவர்களுக்கு இந்தியத் தூதரகம் குடியுரிமை வழங்கிப் பாஸ்போர்ட் கொடுத்தது. மலையகத்தில் பெரும்பாலோருக்கு இது கண்டி அலுவலகம் வழியாக நடந்தது. 1984-இல் தலைமன்னார் – ராமேஸ்வரம் கப்பல் நின்றுபோனதும், இந்தியக் குடியுரிமை கிடைத்தும் வர முடியாமல் அங்கேயே தங்கிவிட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் சிலர் பிறகு போருக்குப் பயந்து படகில் வந்தபோது, இங்கே ‘இலங்கை அகதி’ என்று எழுதப்பட்டார்கள்.

தாத்தாவுக்குக் குடியுரிமை வழங்கப்பட்டபோது உங்கள் தந்தை சிறுவனாக இருந்து, அவர் பெயரும் அதில் சேர்க்கப்பட்டிருந்தால், உங்கள் தந்தை இந்தியக் குடிமகன். அப்படியானால் 1989-இல் பிறந்த நீங்கள், பெற்றோரில் ஒருவர் குடிமகன் என்ற விதியின்படி, பிறப்பாலேயே இந்தியர். தாய்வழித் தாத்தாவைப் பற்றியும் இதே கேள்வியைக் கேளுங்கள். பழைய நீல பாஸ்போர்ட், குடும்ப அட்டை, தூதரகம் அனுப்பிய கடிதம், விண்ணப்ப எண் எழுதிய துண்டுச் சீட்டு என எதையும் குப்பை என்று எறியாதீர்கள். வவுனியாவிலோ ஹட்டனிலோ உறவினர் யாரேனும் இருந்தால் அவர்கள் வீட்டிலும் தேடச் சொல்லுங்கள். தாயகம் திரும்பியோராக நீலகிரிக்கோ திருச்சிக்கோ வந்த சித்தப்பா, பெரியப்பா வழிக் குடும்பம் இருந்தால் அவர்களிடம் உள்ள அட்டையில் உங்கள் தாத்தாவின் பெயர் இருக்கலாம். விண்ணப்பித்ததற்கும் வழங்கப்பட்டதற்கும் வித்தியாசம் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். விண்ணப்பம் மட்டும் என்றால் அது உங்களைக் குடிமகன் ஆக்காது. ஆனால் விண்ணப்பித்தவர்களின் வாரிசுகளை அரசு எப்படி நடத்த வேண்டும் என்ற வாதத்துக்கு அது உதவும். கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் வாழும் மலையக வம்சாவளியினர் தொடர்ந்த வழக்கில், 2019 ஜூனில் மதுரைக் கிளை, அவர்களின் குடியுரிமைக் கோரிக்கையைச் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்று சொல்லி ஒதுக்காமல் பரிசீலிக்கச் சொன்னது.

ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் மனைவி வழி இருக்கிறது. இந்தியக் குடிமகளை மணந்து, விண்ணப்பிப்பதற்கு முன் ஏழு ஆண்டுகள் இங்கே வசித்தவர் குடியுரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் பதிவுவழிக் குடியுரிமை கேட்கலாம். உங்கள் திருமணம் 2014-இல் பதிவாகியிருப்பதால் காலக் கணக்கில் தடையில்லை. தடை அதே பழைய நிபந்தனைதான்: விண்ணப்பிப்பவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. இங்கே நான் உங்கள் பக்கம் வாதாடத் தயார். அந்த வரையறை, செல்லுபடியாகும் ஆவணம் இல்லாமல் இந்தியாவுக்குள் வந்த வெளிநாட்டவரைப் பற்றியது. நீங்கள் எந்தக் கடலையும் தாண்டவில்லை, எந்த எல்லையையும் கடக்கவில்லை. அரசு மருத்துவமனையில் பிறந்தவர் எங்கிருந்து எங்கே நுழைந்தார்? இந்த வாதம் உங்களுக்கு வென்றால் உங்கள் மகனுக்கும் வெல்லும். அவன் 2016-இல் பிறந்தவன், தாய் குடிமகள், தந்தை சட்டவிரோதக் குடியேறி அல்ல என்றால் அவன் பிறப்பால் இந்தியர். எனவே மகனுக்குத் தனியாகக் குடியுரிமை விண்ணப்பம் போடாதீர்கள். தாயின் ஆவணங்களோடு அவனுக்கும் பாஸ்போர்ட் கேளுங்கள்.

உங்கள் விண்ணப்பத்தில் நடைமுறை இடைஞ்சல் ஒன்று வரும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் நகலைக் கேட்பார்கள். உங்களிடம் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லை. அதற்காக அவசரப்பட்டு இலங்கைப் பாஸ்போர்ட் எடுக்க ஓடாதீர்கள். தாத்தாவின் காகிதங்களைத் தேடி முடிக்கும்வரை அது வேண்டாம். விண்ணப்பத்தோடு, ஏன் இல்லை என்ற விளக்கத்தைப் பிரமாணப் பத்திரமாக இணைக்கலாம். ஆட்சியர் அலுவலகத்தில் ‘முகாம் ஆட்களின் மனுவை வாங்குவதில்லை’ என்றால், 1996-இல் அருணாசலப் பிரதேசச் சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டுங்கள். குடியுரிமை விண்ணப்பத்தை மத்திய அரசுக்கு அனுப்பாமல் உள்ளூர் அதிகாரி தன்னிடமே நிறுத்தி வைக்க முடியாது. 1993-இல் திருச்சியில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு பெண்ணின் விண்ணப்பத்தையும் இப்படித்தான், 2022-இல், மேலே அனுப்பும்படி மதுரைக் கிளை உத்தரவிட்டது.

உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்தச் சொல்லைப் பற்றி. 2025 மே 19 அன்று அதைச் சொன்ன அமர்வின் முன் இருந்தது, சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் தண்டிக்கப்பட்டு, தண்டனைக்குப் பிறகு இலங்கைக்கு அனுப்பக் கூடாது என்று கேட்ட ஒருவரின் மனு. இந்தியாவில் தங்கி வாழும் உரிமை சாசனத்தின் 19-ஆம் பிரிவில் குடிமக்களுக்கு மட்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். அது சரியான சட்டம்தான். அந்தச் சத்திர உவமை இல்லாமலும் அதைச் சொல்லியிருக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் அந்த வழக்கு இங்கேயே பிறந்தவரைப் பற்றியதல்ல, குற்றம் எதுவும் செய்யாதவரைப் பற்றியதும் அல்ல. குடிமகன் அல்லாதவருக்கும் சட்டத்தின் முன் சமம் என்ற 14-ஆம் பிரிவும், உயிரும் உடல் சுதந்திரமும் காக்கப்படும் என்ற 21-ஆம் பிரிவும், மத சுதந்திரமும் உண்டு. உங்கள் மகன் எந்தப் பட்டியலில் இருந்தாலும் அவனுக்குப் பள்ளிக் கல்வி உரிமை. உங்களுக்கு இல்லாதவை வாக்கு, அரசு வேலையில் சம வாய்ப்பு, விரும்பிய ஊரில் குடியிருக்கும் சுதந்திரம். இல்லாதவை சிறியவை என்று நான் சொல்லவில்லை.

ஓர் எச்சரிக்கை. சில ஆயிரம் ரூபாய்க்கு வாக்காளர் அட்டையும் பாஸ்போர்ட்டும் வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர்கள் முகாம் வாசலிலேயே இருப்பார்கள். பெற்றோர் இந்தியாவில் பிறந்ததாக ஒரு வரி பொய்யாக எழுதினால் போதும் என்பார்கள். அந்த ஒரு வரிக்குச் சிறைத் தண்டனை உண்டு. அதைவிட மோசம், உங்களிடம் இருக்கிற உண்மையான வாதமும் அதோடு போய்விடும்.

வழக்குச் செலவுக்குக் கவலைப்படாதீர்கள். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. அக்காவை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொல்லுங்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலும் அதற்கான குழு இருக்கிறது. ஒரு விஷயத்தை அவரோடு முன்கூட்டியே பேசி வையுங்கள்: குடிமகள் என்று நிலைநாட்டியவர் அகதி என்ற பெயரில் உதவித்தொகை கேட்டுக்கொண்டிருக்க முடியாது. முகாம் வீடு மைத்துனரின் பதிவில் இருக்கிறதா, அக்காவின் பதிவிலா என்று பார்த்துக்கொண்டு அடி எடுத்து வைப்பது நல்லது.

அக்காவின் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பிறந்த இடம் மண்டபம் என்றும், குடியுரிமை பிறப்பால் என்றும் நிரப்புங்கள். பெற்றோர் இலங்கையைச் சேர்ந்தவர்கள் என்பதை மறைக்க வேண்டாம். காவல்துறை விசாரணைக்கு வருபவர் முகாம் முகவரியைப் பார்த்துவிட்டு எதிர்மறையாக எழுதக்கூடும், அதற்காகப் பயப்படாதீர்கள். மறுப்பை வாய்மொழியாகச் சொன்னால் ஏற்காமல், காரணத்தோடு எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடிதத்தின் நகலையும் 1985 பிறப்புச் சான்றிதழையும் எனக்கு அனுப்புங்கள், மனு எழுத அவை இரண்டும் போதும்.